சர்வரை விரட்டினால் திரை சீராகாது

பிரவுசரில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு: எதிராளியின் உருவம் சீராக ஓடாமல் தத்தித் தத்தி நகர்கிறது. 2015-இல் அகார்.ஐஓ, 2016-இல் ஸ்லிதர்.ஐஓ வந்தபின் இந்த வகை ஆட்டங்கள் பெருகின. புகாரும் கூடவே பெருகியது. ஆட்டம் எழுதுவோரிடமிருந்து ஏறத்தாழ அனிச்சையாக வரும் பதில், சர்வர் நொடிக்கு அனுப்பும் அப்டேட்டுகளைக் கூட்டு என்பது. 20 போதாதென்றால் 30; 30 போதாதென்றால் 60. அதற்கும் மசியாவிட்டால் சர்வரை ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வை. குறை முழுவதும் கம்பியின் அந்த முனையில் இருக்கிறது என்பதே இந்தப் பார்வையின் சாரம்.

இதை நம்புவோருக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. முதலில் கணக்கு: சர்வர் நொடிக்கு 20 இடங்களைச் சொன்னால் திரையில் 20 இடங்கள்தான் தெரியும்; 60 சொன்னால் 60 தெரியும். அடுத்தது பெரிய ஆட்டங்களின் முன்மாதிரி: கவுண்டர்-ஸ்டிரைக் குளோபல் அஃபென்சிவின் அதிகாரபூர்வ சர்வர்கள் நொடிக்கு 64 டிக் (நிலையைக் கணக்கிடும் சுற்று) ஓட்டியபோது, 128 வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள், 2020-இல் வந்த வாலரன்ட் 128 டிக்கை விளம்பரமாகவே சொன்னது. கூடவே நேர்மை பற்றிய வாதமும் உண்டு: சர்வர் சொன்னதை அப்படியே வரையும் திரை பொய் சொல்லாது, இடையில் கற்பனையாக எதையும் நுழைப்பது ஏமாற்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்கூடான சாட்சி இருக்கிறது. எழுதுபவர் தன் கணினியிலேயே சர்வரையும் பிரவுசரையும் ஓட்டி, 20-ஐ 60 ஆக்கிப் பார்க்கிறார். ஆட்டம் உடனே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

மறுக்கத்தான் வேண்டும். அந்தச் சோதனை ஓடியது பாக்கெட் தொலையாத, தாமதம் மாறாத ஓர் இடத்தில். வெளியே அப்படி ஓர் இடம் கிடையாது.

1. அப்டேட் என்பது பிரேம் என்று யார் சொன்னது? 1999 டிசம்பரில் வந்த குவேக் 3 அரீனாவின் சர்வர் இயல்பு அமைப்பில் நொடிக்கு 20 முறைதான் நிலையைக் கணக்கிட்டு அனுப்பியது. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சினும் இயல்பாக 20 அப்டேட்டுகளையே பெற்றது. இரண்டிலும் எதிராளிகள் தத்தவில்லை. சர்வரிடமிருந்து வந்த இரண்டு நிலைகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களைத் திரையின் ஒவ்வொரு பிரேமுக்கும் ஆட்டக்காரரின் கணினியே கணக்கிட்டது. இதுதான் இடைச்செருகல். சோர்ஸ் எஞ்சின் திரையில் காட்டியது இப்போதைய உலகத்தை அல்ல, 100 மில்லிநொடிக்கு முந்தைய உலகத்தை. 20 அப்டேட்டுக்கு இடைவெளி 50 மில்லிநொடி. 100 என்பது இரண்டு இடைவெளி. நடுவில் ஒன்று தொலைந்தாலும் முன்னும் பின்னும் ஒவ்வொன்று கையில் இருக்கும் என்பதே அந்த எண்ணின் காரணம்.

ஆகவே திரையில் எத்தனை இடங்கள் தெரியும் என்பதை முடிவுசெய்வது மானிட்டர்; சர்வர் அல்ல. மேலே சொன்ன கணக்கு, இடைச்செருகல் இல்லாத ஆட்டத்துக்கு மட்டும் சரி. அந்த ஆட்டத்துக்குத் தேவை விடுபட்ட பாகம். அதிகமான அப்டேட் அல்ல.

2. 60-ஐ 60-உடன் சேர்த்தால் பொருந்திவிடுமா? சர்வரின் கடிகாரம் வேறு, மானிட்டரின் கடிகாரம் வேறு. 60 என்று எழுதப்பட்ட பல மானிட்டர்கள் உண்மையில் 59.94 முறை புதுப்பிக்கின்றன. வலை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இரண்டும் மெல்ல விலகி, பதினாறு பதினேழு நொடிக்கு ஒருமுறை ஒரே பிரேமுக்குள் இரண்டு அப்டேட்டுகள் விழும். விலகல் எல்லையை நெருங்கும் நேரத்தில் மிகச் சிறிய தாமத மாற்றமும் போதும்: ஒரு பிரேமுக்கு இரண்டு அப்டேட், அடுத்ததற்கு ஒன்றும் இல்லை, அதற்கடுத்து மறுபடி இரண்டு. டிக்குக்கு 5 பிக்சல் நகரும் உருவம் 10, 0, 10, 0 என்று குதிக்கும். கண் இதைத்தான் தத்தல் என்று உணர்கிறது.

மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஓர் அப்டேட்டுக்கு 2.4 பிரேம், ஆனால் 2.4 பிரேம் என்று ஒன்று கிடையாது. ஒரு நிலை 3 பிரேம் நிற்கும், அடுத்தது 2, பிறகு 3, 2, 2. சர்வரை 144-க்கு உயர்த்தலாமே என்றால், அதே அறையில் 60, 90, 120 ஹெர்ட்ஸ் திரைகளோடு ஆடுபவர்களும் இருக்கிறார்களே. எல்லாத் திரைக்கும் பொருந்தும் அப்டேட் வேகம் என்று ஒன்று இல்லை.

3. வலையின் ஒழுங்கின்மை, அனுப்பும் வேகத்தைக் கூட்டினால் குறையுமா? குறையாது. அதிகமாக அனுப்பினால் அது பெரிதாகவே தெரியும். வீட்டு வைஃபையில் பாக்கெட் வரும் நேரம் 30 மில்லிநொடி முன்பின்னாக ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிநொடி இடைவெளியில் அனுப்பப்பட்டவை ஓரளவு தனித்தனியாகவே வந்து சேரும். 16.7 மில்லிநொடி இடைவெளியில் அனுப்பப்பட்டவை இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு வரும். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் வந்தாலும், மேல்நிலைத் தொட்டி வைத்த வீட்டில் குளியலறைக் குழாய் ஒரே சீராகக் கொட்டுகிறது. இடைச்செருகலுக்கு முன் அப்டேட்டுகளைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் பஃபரின் வேலையும் அதுவே. தொட்டி இல்லாத வீட்டுக்காரர் குழாயின் குறுக்களவைக் கூட்டச் சொல்லி மனுக் கொடுப்பதில் பயன் இல்லை.

பிரவுசருக்கே உரிய கூடுதல் சிக்கல் ஒன்று இங்கே சேர்கிறது. பெரும்பாலான ஆட்டங்கள் 2011-இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட்டைப் பயன்படுத்துகின்றன; அது டிசிபி மேல் ஓடுவது. டிசிபி வரிசையைக் காப்பாற்றியே தீரும். ஒரு பாக்கெட் தொலைந்தால், அதற்குப் பின் வந்தவை கணினிக்குள் வந்துவிட்டாலும் பிரவுசரின் கைக்குத் தரப்படமாட்டா. தொலைந்தது மறுபடி வந்ததும் தேங்கிய அத்தனையும் ஒரே நேரத்தில் கொட்டும். சர்வர் சொன்னதை வந்தவுடன் வரையும் ஆட்டத்தில் உருவம் சிலையாக நின்று, பிறகு பாயும்.

எதிர்த்தரப்புக்கு இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசிபியின் பழைய, பரவலான விதிப்படி, பின்னால் வரும் மூன்று பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்த பிறகே முன்னது தொலைந்ததாக அனுப்புநர் முடிவுசெய்கிறார். 20 வேகத்தில் அந்த மூன்றுக்கு 150 மில்லிநொடி ஆகும். 60 வேகத்தில் 50 போதும். பிங் (போய்வரும் நேரம்) 80 மில்லிநொடி என்றால் முடக்கம் முறையே 230-உம் 130-உம். ஆக, வேகத்தைக் கூட்டினால் ஒவ்வொரு முடக்கமும் குறுகுகிறது. ஆனால் எண்ணிக்கை? நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலையும் இணைப்பில், ஒவ்வோர் அப்டேட்டும் ஒரு பாக்கெட்டாகப் போனால், 20 வேகத்தில் சராசரியாக 5 நொடிக்கு ஒரு முடக்கம். 60 வேகத்தில் ஏறத்தாழ 1.7 நொடிக்கு ஒன்று. அரிதாக வந்த பெரிய தடங்கலைக் கொடுத்துவிட்டு, ஓயாமல் வரும் நடுத்தரத் தடங்கலை வாங்கிக்கொள்வது இது. தீர்வு வேறு பாதையில் இருக்கிறது: வெப்ஆர்டிசியின் டேட்டா சேனலை வரிசை வேண்டாம், மறுபடி அனுப்ப வேண்டாம் என்ற அமைப்பில் திறப்பது, அல்லது எச்டிடிபி/3 மேல் ஓடும் வெப்டிரான்ஸ்போர்ட்டின் டேட்டாகிராம்களைப் பயன்படுத்துவது. இரண்டுமே வெப்சாக்கெட்டைவிட அமைப்பதற்குத் தொல்லையானவை. தொல்லைக்குப் பயந்தால் வெப்சாக்கெட்டிலேயே இருக்கலாம். பஃபர் சற்று ஆழமாக வேண்டும், அவ்வளவே.

4. கூட்டப்பட்ட அப்டேட்டுகளை யார் சுமப்பது? ஓர் அறையில் 100 பேர், ஒவ்வொருவருக்கும் மற்ற அனைவரின் நிலையும் போக வேண்டும், ஓர் உருவத்துக்கு 12 பைட் என்று சிக்கனமாகவே கணக்கிட்டால், ஓர் அப்டேட் 1,200 பைட். 20 வேகத்தில் சர்வரிலிருந்து வெளியேறுவது நொடிக்கு 24 லட்சம் பைட். 60-இல் 72 லட்சம். ஆள் எண்ணிக்கை இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். ஆனால் சர்வர் வாடகை இங்கே பெரிய பிரச்சினை அல்ல. பெரிய பிரச்சினை ஆட்டக்காரரின் கைப்பேசிக்குள் நடக்கிறது.

பல ஆட்டங்கள் அப்டேட்டை ஜேசன் வடிவில் அனுப்புகின்றன. அதைப் பிரிக்கும்போது ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு புதிய ஆப்ஜெக்ட் பிறக்கிறது. அடுத்த அப்டேட் வந்ததும் அது குப்பை. 100 உருவம், 60 வேகம் என்றால் நொடிக்கு 6,000 ஆப்ஜெக்ட் குப்பைக்குப் போகிறது. ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் அவ்வப்போது இந்தக் குப்பையை அள்ள வேண்டும். அள்ளும் சில மில்லிநொடிகளில் ஆட்டத்தின் கணக்குகள் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, 120-இல் 8.3. ஜேசனைப் பிரிப்பது, குப்பை அள்ளுவது, வரைவது எல்லாம் பெரும்பாலும் பிரவுசரின் ஒரே மெயின் த்ரெட்டில்தான். பிரேம் தவறுகிறது, ஆட்டம் தத்துகிறது, எழுதியவர் லேக் என்கிறார், அப்டேட் வேகத்தை இன்னும் கூட்டுகிறார்.

அப்டேட் வந்த நொடியிலேயே அதே ஹேண்ட்லருக்குள் வரைவோரும் உண்டு. ஒரு பிரேமுக்குள் மூன்று அப்டேட் வந்தால் மூன்று முறை வரைகிறது. கண்ணுக்குத் தெரிவது கடைசி ஒன்று. தரவரிசைப் பட்டியலை டிக்குக்கு ஒருமுறை புதிதாக எழுதி, பக்கத்தின் லேஅவுட்டையே நொடிக்கு 60 முறை மறுபடி கணக்கிடவைப்பது இதைவிடக் கொடுமை. பட்டியலை நொடிக்கு இரண்டு முறை மாற்றினால் யாருக்கும் குறை தெரியாது. நிலைகளை பைனரியாக அனுப்பி, முன்கூட்டியே ஒதுக்கிய டைப்டு அரேக்களில் எழுதிக்கொள்வது குப்பையை ஏறத்தாழ இல்லாமல் ஆக்கும்.

5. பெரிய ஆட்டங்களின் 128 டிக் எதற்குச் சாட்சி? சுடும் ஆட்டத்தில் தோட்டா பட்டதா இல்லையா என்பதை மில்லிநொடிக் கணக்கில் தீர்க்க வேண்டும். சுவர் ஓரத்திலிருந்து எட்டிப் பார்ப்பவரை மற்றவர் எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார் என்பது வெற்றி தோல்வியை முடிவுசெய்யும். 128 டிக் அதற்கானது. அதிகாரபூர்வமற்ற சர்வர்களில் 128 டிக்கில் ஓடிய கவுண்டர்-ஸ்டிரைக்கும் எதிராளிகளை இடைச்செருகல் செய்தே வரைந்தது. இந்தச் சாட்சியைக் கூப்பிட்டவர் குறுக்கு விசாரணையில் தோற்கிறார்: வேகத்தைக் கூட்டுவது தாமதத்தைக் குறைக்கிறது; சீரை அது தருவதில்லை. இரண்டு இடைவெளி அளவுள்ள பஃபர் 20 வேகத்தில் 100 மில்லிநொடி, 60-இல் 33. அந்த 67 மில்லிநொடி தேவைப்படும் ஆட்டம் அதற்கான விலையைக் கொடுக்கலாம். பெரிய வட்டம் சின்ன வட்டத்தை விழுங்கும் ஆட்டத்துக்கு அது தேவையா என்பதைக் கேட்டாக வேண்டும்.

6. இடைச்செருகல் பொய்யா? இந்த வாதம் சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வந்ததை வந்தவுடன் வரையும் திரையும் உண்மையைக் காட்டவில்லை. அது காட்டுவதும் பழைய நிலையே. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வரிலிருந்து எதுவும் 15 மில்லிநொடிக்கு முன் வர இயலாது. இடைச்செருகல் செய்யும் திரை நிலையான ஒரு பழமையைக் காட்டுகிறது. செய்யாத திரை 20, 55, 30, 140 மில்லிநொடி என்று பிரேமுக்குப் பிரேம் மாறும் பழமையைக் காட்டுகிறது. இரண்டில் எது அதிகப் பொய் என்று கேட்டால், மாறிக்கொண்டே இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். குறி வைப்பவருக்கு நிலையான தாமதம் பழகிவிடும். மாறும் தாமதம் பழகாது.

தாமதம் ஆட்டக்காரரின் கைக்குத் தெரியும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அதற்கான விடை 1996-லேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் வந்த குவேக், ஆட்டக்காரரின் சொந்த நகர்வைக்கூட சர்வர் சொன்ன பிறகே காட்டியது. அலுவலக வலையில் நன்றாக ஓடியது, டயல்-அப் மோடத்தில் விசையை அழுத்திக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆண்டு முடிவதற்குள் அதை எழுதிய ஜான் கார்மாக் குவேக்வேர்ல்டை வெளியிட்டார். அதில் சொந்த உருவம் விசையை அழுத்தியவுடன் நகரும். சர்வரின் பதில் பிறகு வந்து திருத்தும். இந்த முன்கணிப்பு சொந்த உருவத்துக்கு, இடைச்செருகல் மற்றவர்களுக்கு. பஃபரின் 100 மில்லிநொடி தன் கையைத் தொடவே தொடாது. பழைய நிலையைப் பார்த்துச் சுட்டால் குறி தவறாதா என்ற கேள்விக்கு, வால்வின் யான் பெர்னியர் 2001-இல் வெளியிட்ட கட்டுரை விரிவாகப் பதில் சொல்கிறது: சுடுபவர் பார்த்த அதே நேரத்துக்கு சர்வர் தன் உலகத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பளிக்கும். இதைப் புதிய சிக்கலாகப் பேசுவது வியப்பு.

7. அரைகுறையாகச் செய்தால்? இடைச்செருகல் செய்துபார்த்தோம், பயனில்லை என்பவர்களின் நிரலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே வரி இருக்கும்: ஒவ்வொரு பிரேமிலும், உருவம் இருக்கும் இடத்துக்கும் சர்வர் சொன்ன இடத்துக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்த்து. இது இடைச்செருகல் அல்ல, துரத்தல். அப்டேட் வந்ததும் உருவம் பாய்கிறது, அடுத்தது வருமுன் சோர்கிறது. ஒரே வேகத்தில் ஓடும் எதிராளி மூச்சுவாங்கி ஓடுவதுபோல் தெரிகிறார். திரைக்குத் திரை விளைவும் மாறும். 100 மில்லிநொடியில் 60 ஹெர்ட்ஸ் திரை 6 பிரேம் வரைகிறது. மீதி தூரம் 53 விழுக்காடு. 144 ஹெர்ட்ஸ் திரை 14 பிரேம் வரைகிறது. மீதி 23 விழுக்காடு.

சரியான முறைக்கு வேண்டியவை மூன்று. ஒவ்வோர் அப்டேட்டும் சர்வரின் நேரத்தைச் சுமந்து வர வேண்டும். வந்துசேர்ந்த நேரத்தை வைத்து இடைச்செருகல் செய்தால் வலையின் ஒழுங்கின்மை அப்படியே திரைக்கு வந்துவிடும். திரையின் கடிகாரம் சர்வர் நேரத்துக்கு ஒரு நிலையான அளவு பின்தங்கி ஓட வேண்டும். பின்தங்கல் கூடிக் குறைந்தால் அதைத் தாவித் திருத்தாமல், ஓட்டத்தை ஓரிரு விழுக்காடு விரைவாக்கியோ மெதுவாக்கியோ சரிசெய்ய வேண்டும். நேரத்தை பெர்ஃபார்மன்ஸ்.நவ் கொண்டே அளக்க வேண்டும்; டேட்.நவ் கணினியின் கடிகாரம் திருத்தப்படும்போது முன்னும் பின்னும் குதிக்கும். பஃபர் வற்றிவிட்டால் கடைசி வேகத்தில் சிறிது தூரம் புறச்செருகல் செய்யலாம். சோர்ஸ் எஞ்சின் அதை கால் நொடிக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதற்கு மேல் போனால் உருவங்கள் சுவருக்குள் நடந்துவிடும்.

8. வலையே இல்லாவிட்டாலும் தத்தும் ஆட்டத்துக்கு சர்வர் என்ன செய்யும்? 16 மில்லிநொடிக்கு ஒருமுறை வரையச் சொல்லி செட்இன்டர்வல் வைத்தால், அது நொடிக்கு 62.5 முறை ஓடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு இரண்டு மூன்று பிரேம் வீணாகும், அந்த இடங்களில் உருவம் துள்ளும். வரைவதற்கு உரிய இடம் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம். திரை புதுப்பிக்கப்படும் தாளத்தில் பிரவுசரே அதை அழைக்கும். ஆனால் அழைப்புக்கு இத்தனை பிக்சல் என்று நகர்த்தினால் 144 ஹெர்ட்ஸ்காரர் 2.4 மடங்கு வேகமாக ஓடுவார். நகர்வைக் கடந்த நேரத்தால் கணக்கிட வேண்டும், அல்லது ஆட்ட நிரலாளர் கிளென் ஃபீட்லர் 2004-இல் விளக்கியதுபோல் நிலையான காலத் துண்டுகளில் கணக்கிட்டு மிச்சத்தை இடைச்செருக வேண்டும். டேப் மறைந்திருக்கும்போது இந்த அழைப்பு நின்றுவிடும், ஆனால் வெப்சாக்கெட் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். திரும்பி வருபவர் தேங்கிய அப்டேட்டுகள் வேகமாக ஓடுவதைப் பார்க்க வேண்டியதில்லை. பழையவற்றை எறிந்துவிட்டுப் புதிய நிலைக்கு நேராகப் போவதே சரி.

பிக்சல் சுமை பலர் நினைத்தே பார்க்காதது. 360-க்கு 800 என்று பக்கம் கணக்கிடும் கைப்பேசியில் பிக்சல் விகிதம் 3 என்றால், முழுத் தெளிவில் கேன்வாஸ் 9 மடங்காகி ஏறத்தாழ 26 லட்சம் பிக்சலைத் தொடும். ஒரே அடுக்கை 60 முறை நிரப்பினாலே நொடிக்கு 15 கோடிக்கு மேல். விகிதத்தை 1.5 என்று கட்டுப்படுத்தினால் 6.5 லட்சம் போதும். ஓடும் ஆட்டத்தில் வேறுபாடு கண்ணுக்கு அரிதாகவே தெரியும்.

குறை எந்தப் பக்கம் என்பதைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. அது பரவலான பழக்கத்துக்கு நேர் எதிரானது. சர்வரின் அப்டேட் வேகத்தை நொடிக்கு 5-ஆகக் குறைத்து, பஃபரை 400 மில்லிநொடியாக்கி ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். எதிராளிகள் தாமதமாக, ஆனால் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் திரைப் பக்கம் சரி. திருப்பங்களில் மட்டும் பாதை கொஞ்சம் மொட்டையாகத் தெரியும். அப்போதும் தத்தினால் 60 அப்டேட் அனுப்பினாலும் தத்தும். அடுத்து லினக்ஸின் நெட்எம் கருவியால் 80 மில்லிநொடித் தாமதம், 30 மில்லிநொடி ஏற்ற இறக்கம், நூற்றுக்கு 2 இழப்பு என்று வலையைக் கெடுத்து அதே காட்சியைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தேறிய பிறகு அப்டேட் வேகத்தை 10, 20, 30 என்று ஏற்றி, தாமதம் ஆட்டத்துக்குப் போதுமான அளவு குறைந்த இடத்தில் நிறுத்தலாம். மெதுவாக ஊரும் ஆட்டங்களுக்கு அந்த இடம் 10-லேயே வந்துவிடும்.